பிடில் தந்த பாலுஸ்வாமி

நீலசந்திரா நண்பர்கள் சிலர், தம் கதையில் வரும் பிடில்காரனுக்கு எந்த இசையைக் கொடுப்பதென்று திகைக்கிறார்கள். பாலுஸ்வாமி தீட்சிதரை அறிந்தால் திகைப்பு நீங்கும். 1786-இல் பிறந்த இவர், முத்துஸ்வாமி தீட்சிதரின் இளவல். சென்னையை அடுத்த மணலியில் முதலியார் ஆதரவில் குடும்பம் வாழ்ந்தபோது, ஐரோப்பியர் ஒருவரிடம் பிடில் பயின்றார். அங்கே கேட்ட வெள்ளைக்காரர் மெட்டுகளுக்குத் தமையனார் வடமொழியில் சாகித்தியம் செய்தார்; இங்கிலாந்தின் அரச கீதமும் அவற்றுள் ஒன்று! அக்காலச் சென்னையே கதைக்களமானால் அந்த நோட்டுஸ்வரங்களையே வாசிக்கச் செய்யுங்கள். 1890-இல் பிறந்த பாபநாசம் சிவனின் பாட்டு வேண்டாம். அந்நியக் கருவியில் நம் கமகங்களைப் பேசவைத்த பாலுஸ்வாமி, பின்னர் எட்டயபுரம் சமஸ்தான வித்வானானார். மகள் வயிற்றுப் பேரன் சுப்பராமரைச் சுவீகாரம் எடுத்து இசை பயிற்றி, 1859-இல் மறைந்தார். தீட்சிதர் கிருதிகளை 1904-இல் ஸ்வரக் குறிப்புடன் அச்சேற்றியவர் அந்தப் பேரன்தான்.