சாதனைப் பெண்கள்: முதல் பேசும் படக் கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி



தமிழின் முதல் பேசும் படம் எதுன்னு கேட்டா, க்விஸ் போட்டிக்குப் போறவங்க எல்லாரும் 'காளிதாஸ்', 1931-ன்னு டக்குனு சொல்லிடுவாங்க. அதில் கதாநாயகி யார்? எங்க வகுப்பில் கேட்டேன், ஒருத்தருக்கும் தெரியலை. அதனால்தான் இந்த முறை அவரைப் பற்றி எழுதுகிறேன்.

அவர் பெயர் டி.பி.ராஜலட்சுமி. 1911-ஆம் ஆண்டு திருவையாற்றில் பிறந்தார். சிறு வயதிலேயே நன்றாகப் பாடுவார். ஆனால் ஏழெட்டு வயதில் அவருக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டார்கள்! நாம் மூணாம் கிளாஸ் படிக்கிற வயசு அது. வரதட்சணைத் தகராறில் அந்தக் கல்யாணம் முறிந்து, பிறந்த வீட்டுக்கே திரும்பினார். அப்பாவும் இறந்துவிட்டார். அம்மாவோடு திருச்சிக்கு வந்தார்.

அந்தக் காலத்தில் புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்த பெண் என்றால் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியதுதான். இவரோ பிழைப்புக்காக சாமண்ணா ஐயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். நாடகத் தந்தை சங்கரதாஸ் சுவாமிகள் இவர் திறமையைப் பார்த்துப் பாராட்டினார். பாய்ஸ் கம்பெனிகளில் பெண் வேஷத்தையும் பையன்களே போட்ட காலம் அது. ஒரு பெண் மேடை ஏறினால் ஊரே தப்பாகப் பேசும். அவர் அதையெல்லாம் தாண்டி நடித்தார். பிறகு பேசாத படங்களிலும் நடித்தார்.

1931-ஐ நம்ம ஊர்க்காரங்க மறக்கவே கூடாது. நம்ம பல்லாவரம் வழியாக பீச் - தாம்பரம் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது அந்த வருஷம்தான். அதே வருஷம் அக்டோபர் 31-ஆம் தேதி சென்னை சினிமா சென்ட்ரல் தியேட்டரில் 'காளிதாஸ்' வெளியானது. படப் பெட்டியை மக்கள் பூ தூவி, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி வரவேற்றார்களாம்!

ஒலிப்பதிவு வசதி அப்போது சென்னையில் இல்லை. அதனால் பம்பாய் போய், 'ஆலம் ஆரா' படம் எடுத்த இம்பீரியல் கம்பெனியில் எடுத்தார்கள். டைரக்டர் எச்.எம்.ரெட்டி. ஒரு வேடிக்கை கேளுங்க. ராஜலட்சுமி தமிழில் பேசுவார், ஹீரோ பி.ஜி.வெங்கடேசன் தெலுங்கில் பதில் சொல்லுவார்! பின்னணிப் பாடகர்களும் அப்போ கிடையாது. கேமரா ஓடும்போதே நடிக்கணும், பாடணும். மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசை வரை கேட்கும்படி பாடிப் பழகியவருக்கு அது கைவந்த கலை. அப்போது அவருக்குச் சுமார் இருபது வயது.

1933-இல் கல்கத்தாவில் எடுத்த 'வள்ளி திருமணம்' பெரிய வெற்றி. அதில் நாரதராக நடித்த டி.வி.சுந்தரத்தை விரும்பி மணந்துகொண்டார். 1936-இல் தான் எழுதிய நாவலையே 'மிஸ் கமலா' என்று படமாக எடுத்தார். கதை, தயாரிப்பு, டைரக்‌ஷன், கதாநாயகி எல்லாம் அவரே! தென்னிந்தியாவின் முதல் பெண் டைரக்டர் அவர்தான். தன் மகளுக்கும் கமலா என்றே பெயர் வைத்தார். 'சினிமா ராணி' என்று மக்கள் அழைத்த அவர் 1964-இல் காலமானார்.

'காளிதாஸ்' படத்தின் பிரதி இன்று எங்குமே இல்லை. அவர் அதில் பாடியதை நம்மால் கேட்கவே முடியாது. இதைப் படித்தபோது எனக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது.

இன்னொன்றும் தோன்றியது. எட்டு வயதில் அந்தப் பெண்ணின் வாழ்க்கை முடிந்துபோச்சு என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! இன்று பெண்ணுக்கு 18 வயது ஆகாமல் கல்யாணம் செய்தால் குற்றம். ஆனாலும் பத்தாவதோடு படிப்பை நிறுத்தி மாப்பிள்ளை பார்க்கிற வீடுகள் இன்னும் இருக்கு. உங்க தோழி யாருக்காவது அப்படி நடந்தால் சும்மா இருக்காதீங்க. டீச்சரிடம் சொல்லுங்க. 1098-க்குப் போன் செய்தாலும் உதவுவாங்க, காசு கிடையாது. நாடகம், பாட்டு, கணக்கு, கபடி என்று அவளுக்குள் என்ன இருக்கோ, அது வெளியே வர கொஞ்சம் நாள் வேணும். அந்த நாளை அவளுக்கு நாம் வாங்கிக் கொடுப்போம்!

- 10-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி