ஜுர்ஜானை விட்டு நகராத இமாம்

அரபு மதரஸாவில் ஓதியவர்களுக்கு ‘மிஅத்து ஆமில்’ மறக்காது. சொல்லின் கடைசி ஹரகத்தை மாற்றும் நூறு காரணிகளைக் கூறும் சிறுநூல் அது. அதன் ஆசிரியர் இமாம் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி (ரஹ்).

இன்றைய ஈரானின் வடக்கே, காஸ்பியன் கடலை ஒட்டிய ஜுர்ஜான் அவரது ஊர். காயல், கீழக்கரை மக்களைப் போல ஷாஃபிஈ மத்ஹபினர். மற்ற ஆலிம்கள் இல்மைத் தேடி ஊர் ஊராய் அலைந்த காலத்தில் இவர் ஊரை விட்டு நகரவில்லை. அங்கு வந்து தங்கிய அபுல் ஹுஸைன் அல்ஃபாரிஸீயிடம் நஹ்வு கற்றார். பிறகு மாணவர்கள் இவரைத் தேடி வந்தார்கள்.

குர்ஆனின் இஃஜாஸ் எதில் இருக்கிறது? அன்று பெரிய சர்ச்சை அது. தனிச் சொல்லின் அழகில் அல்ல, பொருளுக்கேற்பச் சொற்களைக் கோக்கும் ‘நள்மு’வில்தான் என்று ‘தலாயிலுல் இஃஜாஸ்’ நூலில் நிறுவினார்.

சிறுமலைத் தோட்டத்தில் வாழைத்தார் வெட்டப்பட்டுக் கிடக்கிறது. பார்த்தவர் நீ வெட்டினாயா என்று கேட்கமாட்டார். நீயா வெட்டினாய் என்பார். வெட்டியதில் சந்தேகமில்லை, ஆள் யார் என்பதே கேள்வி. தமிழில் ‘ஆ’ இடம் மாறுவதுபோல அரபியில் ஹம்ஸாவுக்குப் பின் வரும் சொல் மாறும். சிலைகள் உடைந்து கிடக்க, இப்ராஹீம் (அலை) அவர்களிடம் சமூகத்தார் கேட்ட கேள்வி ‘நீ’ என்ற சொல்லில் தொடங்குவதை இமாம் இப்படித்தான் விளக்கினார்.

பின்வந்த ஸக்காக்கீயும் கஸ்வீனீயும் இக்கலையை வகைபிரித்துச் சுருக்கினார்கள். மனனம் எளிதானது, ருசி சற்றுக் குறைந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஹிஜ்ரி 471-இல் (கி.பி. 1078) ஜுர்ஜானிலேயே வஃபாத்தானார்.