புகையிலைத் தேமலும் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினும்

ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் என்றதும் டிஎன்ஏ-வின் எக்ஸ் கதிர்ப் படமும், அதையொட்டி அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியுமே நினைவுக்கு வருகின்றன. அந்த ஆதங்கம் நியாயமானதே. ஆனால், தம் வாழ்வின் கடைசி ஐந்து ஆண்டுகளை அவர் செலவிட்டது ஒரு பயிர் நோய்க் கிருமியோடு என்பதையும், தாமே தலைமையேற்று நிறைவாகச் செய்த பணி அதுவே என்பதையும் அந்த ஆதங்கமே மறைத்துவிட்டது.

1920-இல் லண்டனில் பிறந்து, கேம்பிரிட்ஜில் வேதியியல் பயின்று, போர்க்காலத்தில் நிலக்கரியை ஆராய்ந்தவர் அவர். எக்ஸ் கதிர் நுட்பத்தைப் பாரீஸில் கற்றார். லண்டன் கிங்ஸ் கல்லூரியில் கசப்பான இரண்டு ஆண்டுகளைக் கழித்துவிட்டு, 1953-இல் ஜே.டி. பெர்னாலின் அழைப்பை ஏற்று பர்க்பெக் கல்லூரிக்கு வந்தார். அங்கு அவருக்காகக் காத்திருந்தது புகையிலைத் தேமல் வைரஸ்.

இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையும் திட்டுத்திட்டாகப் படர, செடி குன்றிப்போகும். தக்காளியையும் மிளகாயையும்கூட இந்நோய் விடுவதில்லை. தொழிலாளியின் கைவிரல் பட்டாலே அடுத்த செடிக்குத் தொற்றும். பாக்டீரியாவைத் தடுக்கும் வடிகட்டியையும் கடந்து இந்நோய் பரவுவதை 1892-இல் ரஷியாவின் இவானோவ்ஸ்கி கண்டார். 1935-இல் அமெரிக்காவின் ஸ்டான்லி அந்த வைரஸைப் படிகமாகவே பிரித்தெடுத்தார். எனினும், அதன் உள்ளமைப்பு புதிராகவே இருந்தது.

பழைய வீடொன்றின் மேல்மாடியில் ஃபிராங்க்ளினின் அறை. எக்ஸ் கதிர்க் கருவியோ நிலவறையில். படியேறி இறங்கியே அந்தப் புதிரை அவர் அவிழ்த்தார். 300 நானோமீட்டர் நீளமுள்ள அந்தக் குச்சியில் ஏறத்தாழ 2,130 புரதக் கூறுகள், மூன்று சுற்றுக்கு 49 என்ற கணக்கில், சுருள் படிக்கட்டைப் போல் அடுக்கப்பட்டுள்ளன. நடுவே வெற்றுத் துளை. நோயைச் சுமக்கும் ஆர்என்ஏ அந்தத் துளையில் இல்லை. அச்சிலிருந்து 4 நானோமீட்டர் தொலைவில், புரதங்களுக்கிடையே பதிந்து கிடக்கிறது. ஆர்என்ஏ நீக்கிய புரதத்தைப் படமெடுத்து, டொனால்ட் காஸ்பர் முழு வைரஸில் எடுத்த அளவீடுகளோடு ஒப்பிட்டு 1956-இல் இதை அவர் நிறுவினார்.

எதிர்ப்பு இங்கும் இருந்தது. வைரஸ் குச்சிகள் யாவும் ஒரே நீளம் என்று அவர் எழுதியதை, தாவர வைரஸ் துறையின் மூத்தவரான நார்மன் பிரி கடுமையாக மறுத்தார். நிதிக்காகவும் அவர் ஓயாது போராட வேண்டியிருந்தது. இறுதியில் கைகொடுத்தது அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம். ஆனால், கிங்ஸ் கல்லூரியில் இல்லாத ஒன்று இங்கே இருந்தது. ஆரன் க்ளூக், கென்னத் ஹோம்ஸ், ஜான் ஃபின்ச் என்று அவரை மதித்து உடன் உழைத்த குழு அது.

1956-இல் சினைப்பைப் புற்றுநோய் தெரியவந்தது. அறுவைச் சிகிச்சைகளுக்கு இடையிலும் அவர் ஆய்வுக்கூடத்துக்கு வந்துகொண்டிருந்தார். பிரஸ்ஸெல்ஸ் உலகக் கண்காட்சிக்காக வைரஸ் மாதிரிகளை அமைக்கும் பொறுப்பும் அவருடையதாயிற்று. மேசைப்பந்துகளும் மிதிவண்டியின் பிளாஸ்டிக் கைப்பிடி உறைகளும்கூட அந்த மாதிரிகளுக்கு உறுப்பாயின!

1958 ஏப்ரல் 16 அன்று, 37-ஆம் வயதில் அவர் மறைந்தார். மறுநாள் கண்காட்சி திறக்கப்பட்டது. அவர் தொடங்கிய வழியில் தொடர்ந்த க்ளூக், 1982-இல் நோபல் பரிசு பெற்றார். லண்டனில் உள்ள ஃபிராங்க்ளினின் கல்லறையில் அவருடைய வைரஸ் ஆய்வுகள் குறிப்பிடப்பட்டுள்ளன. டிஎன்ஏ பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.