திருநாவுக்கரசு சுவாமிகளும் நாள்தொறும் செய்யும் தொண்டும்

உலகில் வாழ்வார் யாவரும் வேண்டி நிற்பன மூன்று: மனவமைதி, பிறர்க்கு அடிமைப்படாமை, குறைவில்லாத மகிழ்ச்சி. இவற்றை விரும்பாதார் இலர். பெற்றாரோ மிகச் சிலர். இல்வாழ்வாருட் பலர், கடமைகள் தீர்ந்து ஓய்வு வந்தக்கால் இவை தாமே வருமென்று காத்திருக்கின்றனர். துறவு பூண்டாருட் சிலர், கையாற் செய்யும் திருப்பணி தொடக்க நிலையினர்க்கே உரியதென்றும், அதனைக் கடந்து ஒதுங்கியிருந்தார்க்கே அமைதி உளதென்றும் எண்ணுகின்றனர். இவ்விரு கருத்தும் பொருந்தாமையைத் திருநாவுக்கரசு சுவாமிகளின் சரித்திரம் நன்கு விளக்கும். 12ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் 429 திருவிருத்தங்களால் விரித்தருளிய அதனை முற்றக் கூறுதற்கு இடமின்மையின், இம்மூன்று பேறும் சுவாமிகட்கு எய்திய இடங்களை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

சுவாமிகள் திருமுனைப்பாடி நாட்டுத் திருவாமூரிலே, வேளாளர் மரபிற் புகழனாரும் மாதினியாரும் செய்த தவத்தால் தோன்றினார். பிள்ளைத் திருநாமம் மருணீக்கியார். தமக்கையார் திலகவதியார். இளமையிலேயே தந்தையார் நோயுற்று இறந்தார். தாயாரும் உடன் சென்றார். தமக்கையார்க்கு மணம் பேசப்பெற்றிருந்த கலிப்பகையார் வடபுலப் போரில் உயிர் துறந்தார். தாமும் உயிர் விடத் துணிந்த திலகவதியார், தம்பியாரின் அழுகையைக் கண்டு, அவர்பொருட்டு உயிர் தாங்கி நின்றார். ஒரே இல்லத்தில் ஒரே துன்பம் இருவர்மேலும் வீழ்ந்தது. அதன் பின்னர் இருவரும் சென்ற வழிகள் வேறு வேறாயின.

மருணீக்கியார் செல்வம் நிலையாதென்று தேர்ந்து, அறச்சாலையும் தண்ணீர்ப்பந்தரும் அமைத்து வாரி வழங்கினார். பின்னர் மெய்ந்நெறி யாதென ஆராயப் புகுந்து, பாடலிபுத்திரம் என அந்நாளில் வழங்கிய திருப்பாதிரிப்புலியூரிலே சமணப் பள்ளியை அடைந்து, அந்நூல்களைக் கரைகண்டு, தருமசேனர் என்னும் பெயரொடு தலைமையும் எய்தினார். கல்வி நிரம்பிற்று; புகழ் நிரம்பிற்று; அமைதி மட்டும் வந்திலது. திலகவதியாரோ திருவதிகை வீரட்டானத்தை அடைந்து, புலருமுன் எழுந்து அலகிடுதலும், திருமெழுக்கிடுதலும், மலர் கொய்து மாலை தொடுத்தலுமாகிய பணிகளை நாள்தொறும் செய்து வந்தார். இழந்தன யாவையும் இழந்த அவ்வம்மையார் உள்ளம் கலங்காதிருந்தது அத்தொண்டினிடத்தேயாம்.

சூலைநோய் வந்தது. மந்திரமும் மருந்தும் பயன்படாது ஒழிந்தபின், தருமசேனர் தமக்கையாரை நாடி இரவிலே திருவதிகைக்கு வந்து அவர் அடியில் வீழ்ந்தார். அம்மையார் தருக்கம் ஒன்றும் நிகழ்த்தினாரல்லர்; கடந்த காலத்தைச் சுட்டி இடித்துரைத்தாருமல்லர். திருநீறு அளித்தார், திருப்பள்ளியெழுச்சிப் பொழுதில் தாம் வழக்கமாகக் கொண்டுசெல்லும் அலகும் மெழுகுதற்குரியனவும் தோண்டியும் ஏந்தித் திருக்கோயிலுக்குப் புறப்பட்டார், தம்பியாரையும் உடன் அழைத்துச் சென்றார். தமக்கையார் நாள்தொறும் நின்று பணிசெய்த அத்திருமுற்றத்திலேயே தம்பியார்க்குத் திருப்பதிகம் பிறந்தது, சூலை நீங்கியது, நாவுக்கரசு என்னும் திருநாமம் இறைவனால் வாய்த்தது. அவர் கையில் உழவாரப்படை ஏறியதும் அப்போதே. நூலறிவாற் கூடாத அமைதி, அலகேந்திய ஓர் அம்மையாரின் பின்னே நடந்தபோது கூடிற்று என்பது சிந்திக்கற்பாலது.

இனி, அடிமைப்படாமையைக் காண்போம். சுவாமிகள் சைவம் சார்ந்தமை கேட்டுச் சினந்த பல்லவ மன்னன் அமைச்சரைப் போக்கினான். இறைவனுக்கே ஆளாகிய தாம் வேறொருவர்க்கும் குடியாகார் என்னும் கருத்தை அவர்கட்குச் சுவாமிகள் அஞ்சாது உரைத்தருளினார். பின்பு அவர்கள் வணங்கி வேண்டவே, வருவதனை இறைவன் பார்த்துக்கொள்வான் என்னும் துணிவோடு உடன் சென்றார். நீற்றறையில் ஏழு நாள் அடைத்தனர், நஞ்சூட்டினர், யானையை ஏவினர், கல்லொடு பிணித்துக் கடலில் வீழ்த்தினர். எல்லாவற்றினும் உய்ந்து, கல்லே தெப்பமாகத் திருப்பாதிரிப்புலியூரிற் கரை சேர்ந்தார். வெந்து தகிக்கும் நீற்றறையினுள்ளே அவர் இறைவன் திருவடி நிழலுக்கு உவமையாகக் கண்டன நிலவும் தென்றலும் பொய்கையும் போல்வன. அவை எவரும் விலையின்றி நாள்தொறும் நுகரும் எளிய இன்பங்களாதலை நோக்குக. மன்னனும் முடிவில் மனம் திரும்பித் திருவதிகையிலே குணபரவீச்சரம் எடுப்பித்தான். இவன் 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் என்பர் சரித்திர அறிஞர்.

இவ்வச்சமின்மை எதனால் வந்தது? உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்பிற்று என்பது நம் சித்தாந்தம். அது எதனையும் சாராது தனித்து நில்லாது. பொன்னைச் சார்ந்தால் பொன்னுக்கு அடிமை. புகழைச் சார்ந்தால் புகழுக்கு அடிமை. மன்னனைச் சார்ந்தால் மன்னனுக்கு அடிமை. முதல்வன் ஒருவனையே சார்ந்த உயிர்க்கு ஏனைத் தலைவர் யாவரும் தலைவராதல் ஒழியும். ஆகலின் ஆளாதலே விடுதலை ஆயிற்று. முரண்போலத் தோன்றும் இதனைச் சுவாமிகள் வாழ்வு ஐயமற மெய்ப்பித்தது.

இந்நிலை அருகிருந்தாரையும் பற்றிப் படர்ந்தது. திங்களூரில் அப்பூதியடிகள் சுவாமிகளைக் கண்ணாற் காணாமுன்னரே தம் மக்கட்கும், ஆவிற்கும் எருமைக்கும், அளவைகட்கும் நிறைகோலுக்கும், தண்ணீர்ப்பந்தருக்கும் அவர் திருப்பெயரையே இட்டு வழங்கினார். நெல் அளத்தலும் பால் கறத்தலும் அவர்க்குத் திருநாமம் ஓதுதலேயாயின. இல்வாழ்வார்க்கு இதனினும் எளிய நெறி வேறு யாது?

திருவீழிமிழலையில் வற்கடம் வந்துழி, அடியார்க்கு அமுதளித்தற்பொருட்டு ஆளுடைய பிள்ளையார்க்கும் சுவாமிகட்கும் இறைவன் நாள்தொறும் ஒவ்வொரு காசு அருளினான். பிள்ளையார் பெற்ற காசுக்கு வாசி கொடுக்க நேர்ந்தது. சுவாமிகளின் காசு வாசியின்றி மாறிற்று. மகன்மையினும் கைத்தொண்டுக்கு அவ்விடத்தே ஒரு சிறப்பு உண்டாயிற்று என்பர் பெரியோர். சரியையைத் தாழ்ந்த படியென்று இகழ்வார் இதனை நோக்குக. படி எனப்பட்டது ஏறுதற்கு உரியதாதல்பற்றியே. ஏறினோரும் அதனை விடாது போற்றியதற்குச் சுவாமிகளே சான்று. ஞானம் கைவந்த பின்னரும் அவர் கையினின்று உழவாரம் நீங்கிற்றில்லை.

மூன்றாவதாகிய மகிழ்ச்சி திருவையாற்றில் எய்தியது. முதுமையிலே திருக்கயிலையைக் காணும் வேட்கை மீதூர்ந்து, காளத்தியும் காசியும் கடந்து தனியே சென்றார். தாள்கள் தேய்ந்தன, கையால் ஊன்றித் தவழ்ந்தார், கைகளும் தேய மார்பினால் உந்தினார், பின்னர்ப் புரண்டு சென்றார். முனிவராய் வந்து தடுத்த பெருமானுக்கும் மீள இசைந்தாரல்லர். முடிவில் இறைவன் பணித்தவாறு அங்கிருந்த பொய்கையில் மூழ்கித் திருவையாற்று வாவியில் எழுந்தார். ஆண்டுக் கண்டது யாது? பிடியொடு களிறு வந்தது. பெடையொடு கோழி வந்தது. மயிலும் குயிலும் கிளியும் நாரையும் துணையொடு வந்தன. நாகு தழுவி ஏறு வந்தது. அவை யாவும் சத்தியும் சிவமுமாய்க் காட்சி தந்தன. தேடிச் சென்ற கயிலை, காவிரிக்கரையூர்த் தெருவிலே நாள்தொறும் உலவும் உயிர்களிடத்தே விளங்கிற்று. முன் நாளும் அவை உலவின. காணும் கண்ணை இறைவன் இப்போது அருளினான்.

திருப்புகலூரிலே இறுதிச் சோதனை நிகழ்ந்தது. உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் நவமணியும் பரல்களோடு கலந்து கிடந்தன. அவற்றைக் கல்லினின்று வேறாகக் கருதாது, அவ்வுழவாரத்தாலேயே வாரி வாவியில் எறிந்துவிட்டு மேலும் புல்லைச் செதுக்கினார். அரம்பையர் வந்து ஆடியும் அவர் உள்ளம் பணியினின்று பெயர்ந்திலது. விருப்பும் வெறுப்பும் அற்ற இருவினையொப்பு என நாம் நூலிற் கற்பதனை, புல் செதுக்கும் ஒரு கையில் ஈண்டுக் கண்ணாற் காண்கின்றோம். சித்திரைச் சதயத்தன்று அத்தலத்திலேயே இறைவன் திருவடி கலந்தார். இன்று நமக்குக் கிடைத்துள்ள அவர் பதிகங்கள் 4, 5, 6ஆம் திருமுறைகளாய் 312 ஆகும்.

சுவாமிகட்கு வாழ்வில் துன்பம் குறைந்ததன்று. அமைதி நோயின் நடுவே வந்தது. அடிமைப்படாமை சிறையின் நடுவே விளங்கியது. மகிழ்ச்சி தளர்ந்த முதுமையிலே மலர்ந்தது. ஆதலின் நல்ல காலம் வரட்டும் என்று காத்திருத்தல் வேண்டா. திருமடத்தில் உறைவோர் ஆயினும் இல்லத்தில் உறைவோர் ஆயினும், நம் ஊர்த் திருக்கோயில் முற்றத்திற் புல் முளைத்திருத்தல் கூடும். நாளைப் புலரியில் நூலை ஒரு நாழிகை மூடிவைத்து அங்குச் செல்வோமாக. சுவாமிகள் நின்ற நிலம் அதுவே.

திருச்சிற்றம்பலம்.