நீர் தேக்காத அணை

ஆர்தர் எர்னஸ்ட் மார்கன் எழுப்பிய ஐந்து மண்ணணைகளின் பின்னே, ஆண்டின் பெரும்பாலான நாள்களில் தேங்கிய நீரைக் காண இயலாது. அங்கே மக்காச்சோளம் விளையும். அணையின் அடித்திறப்புகள் வழியே ஆறு தன்போக்கில் ஓடும். அணை என்றாலே நிறைந்த நீர்ப்பரப்பு என்று எண்ணிப் பழகிய கண்களுக்கு இது விந்தையாகத் தோன்றும். ஆயினும் அந்த வெற்றிடத்துக்காகவே மார்கன் ஒன்பது ஆண்டுகள் போராடினார்.

மார்கன் 1878ஆம் ஆண்டு அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் பிறந்தார். மின்னசோட்டா மாநிலத்துச் செயின்ட் கிளவுட் என்னும் ஊரில் வளர்ந்தார். பள்ளிப் படிப்பு முடிந்ததும் வீட்டை விட்டு மேற்கே சென்று, கிடைத்த வேலைகளைச் செய்து சில ஆண்டுகள் திரிந்தார். பின்னர்த் திரும்பி வந்து, நில அளவையாளரான தந்தையிடமே தொழில் பயின்றார். அவர் பொறியியல் பட்டம் பெற்றவர் அல்லர். சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டிய பட்டறிவே அவருக்கு நீரியலைக் கற்பித்தது.

1913 மார்ச்சு இறுதியில் ஒகையோ மாநிலத்தில் பெருமழை பொழிந்தது. மண் ஏற்கெனவே ஈரத்தில் ஊறிக் கிடந்ததால், விழுந்த நீரெல்லாம் மயாமி ஆற்றில் திரண்டது. மார்ச்சு 25 அன்று டேட்டன் நகரின் காப்புக் கரைகளைத் தாண்டி, அவற்றை உடைத்துக்கொண்டு வெள்ளம் புகுந்தது. நகரின் நடுப்பகுதியில் சில இடங்களில் நீர் 20 அடி வரை உயர்ந்தது. மக்கள் கூரையடி அறைகளில் ஒடுங்கினர். எரிவாயுக் கசிவால் தீயும் பரவியது. அப்பள்ளத்தாக்கில் 360க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சேறு வழிக்கப்படும்போதே நகர மக்கள் 20 இலட்சம் டாலருக்கும் மிகுதியாக நிதி திரட்டி, இனியொரு வெள்ளம் புகாதிருக்க வழி காணுமாறு மார்கனை அழைத்தனர்.

கரைகளை உயர்த்துவதே எளிய வழியாக அனைவர்க்கும் தோன்றியது. மார்கன் கணக்கிட்டுப் பார்த்தார். அவ்வளவு நீரையும் நகர் வழியே கடத்த வேண்டுமெனில் ஆற்றைப் பன்மடங்கு அகலமாக்க வேண்டும்; அதற்கு நகரின் பெரும்பகுதியை இடிக்க நேரும். எனவே நகருக்கு மேலேயே வெள்ளத்தைத் தடுத்து நிறுத்தி, ஆறு தாங்கும் அளவுக்குச் சிறிது சிறிதாக விட முனைந்தார். பிரான்சு நாட்டின் லோயர் ஆற்றில் இத்தகைய திறந்த தடுப்பணை இரு நூற்றாண்டுகளாக நின்றது அவருக்குத் துணிவளித்தது. எவ்வளவு பெரிய வெள்ளத்துக்கு அணையை வகுப்பது என்பது அடுத்த வினா. அதற்காக ஐரோப்பிய ஆறுகளின் பழைய வெள்ளப் பதிவுகளையும் கிழக்கு அமெரிக்காவின் மழைக் குறிப்புகளையும் தொகுக்கச் செய்தார். இறுதியில், 1913ஆம் ஆண்டு வெள்ளத்தைவிட 40 விழுக்காடு மிகுதியான நீரைத் தாங்குமாறு அணைகள் வகுக்கப்பட்டன.

எதிர்ப்பு மேட்டுநில உழவர்களிடமிருந்து எழுந்தது. கீழேயுள்ள நகரத்தைக் காக்கத் தங்கள் நிலம் ஏன் மூழ்க வேண்டும் என்று அவர்கள் வினவினர்; அவ்வினாவில் நியாயம் இருந்தது. 1914இல் இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் வழக்குகள் தொடர்ந்தன. நன்மை பெறுவோர் அதற்கேற்ப வரி செலுத்த வேண்டும், இழப்போர்க்கு ஈடு தர வேண்டும் என்பது திட்டத்தின் அடிப்படையாயிற்று. வாங்கிய நிலத்தின் பெரும்பகுதி, வெள்ளக் காலத்தில் நீர் நிற்க இசைவு பெற்றுக்கொண்டு, மீண்டும் உழவுக்கே விற்கப்பட்டது. ஆசுபார்ன் என்னும் ஊரோ முற்றிலும் இடம் பெயர்ந்தது. ஏறத்தாழ 400 வீடுகளை அடித்தளத்திலிருந்து பெயர்த்து உருட்டிச் சென்றனர்.

1918இல் கட்டுமானம் தொடங்கியது. அடிநிலத்தின் மேல்மண்ணையும் வேர்களையும் அகற்றிய பின், அருகிலிருந்த மண்ணை நீர்த்தாரையால் கரைத்துச் சேறாக்கினர். எக்கிகள் அச்சேற்றைக் குழாய்கள் வழியே மேலேற்றி அணையின் இரு விளிம்புகளிலும் கொட்டின. கனமான பரலும் மணலும் விழுந்த இடத்திலேயே தங்கின. நுண்ணிய களிமண் மட்டும் நீரோடு வழிந்து நடுவிலிருந்த குட்டையில் மெல்லப் படிந்தது. இவ்வாறு வெளியே எடை மிக்க சரிவுகளும் உள்ளே நீர் கசியாத களிமண் நடுவமும் நீராலேயே பிரிக்கப்பட்டு எழுந்தன. இம்முறையில் இடரும் உண்டு. களி இறுகுமுன் அணையை விரைந்து உயர்த்தினால் அது பக்கங்களைப் பிதுக்கித் தள்ளிவிடும். அவ்வாண்டு மார்ச்சிலேயே கலிபோர்னியாவில் இம்முறையில் எழும்பிக்கொண்டிருந்த கலாவெராசு அணை சரிந்தது. ஆகவே நடுவம் எவ்வளவு இறுகியுள்ளது என்பதைக் கண்காணித்தே மயாமி அணைகள் உயர்த்தப்பட்டன. அவற்றுள் பெரியதான எங்கிள்வுட் அணை ஏறத்தாழ 110 அடி உயரமும் 4,700 அடி நீளமும் உடையது.

அடித்திறப்புகள் கற்காரையால் ஆனவை. அவற்றில் மதகுக் கதவுகள் இல்லை. கதவிருந்தால் நள்ளிரவு மழையில் அதைத் திறக்க ஒருவர் விழித்திருக்க வேண்டும். திறப்பின் அளவே எவ்வளவு நீர் வெளியேறலாம் என்பதை முடிவு செய்தது. சீறி வரும் நீரின் வேகத்தைத் தணிக்க வெளிவாயிலில் படிகளும் தடுப்புகளும் கொண்ட தொட்டி அமைந்தது. அணைகளை மின்னாக்கத்துக்கோ நீர்ச் சேமிப்புக்கோ பயன்படுத்தினால் கீழுள்ள நகரங்களுக்குக் கேடு விளையும் என்னும் எச்சரிக்கையும் அணைகளிலேயே பொறித்து வைக்கப்பட்டது. எதிர்காலத்தாரின் ஆசையை அவர் முன்கூட்டியே அறிந்திருந்தார் போலும். தொழிலாளர்க்கு வீடுகளும் அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிகளும் கொண்ட குடியிருப்புகள் ஒவ்வோர் அணையருகிலும் எழுந்தன. 1922இல் பணி நிறைவுற்றது. அன்று முதல் 2,000 முறைக்கு மேல் அவ்வணைகள் வெள்ளநீரைத் தேக்கி வடித்துள்ளன.

பின்னாளில் அந்தியோக்குக் கல்லூரியின் தலைவராக, படிப்பையும் வேலையையும் இணைக்கும் கல்விமுறையை மார்கன் நிறுவினார். 1933இல் அதிபர் ரூசுவெல்ட் அவரை டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் முதல் தலைவராக்கினார். இந்தியாவின் தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்துக்கு முன்மாதிரி அவ்வாணையமே. அங்கே உடன் இயக்குநர்களோடு மின்கொள்கையில் முரண்பட்டு, அவர்களது நேர்மையையே ஐயுற்றார். சான்று கேட்ட அதிபருக்கு விடையளிக்க மறுத்ததால் 1938இல் நீக்கப்பட்டார். அணைப்பணியில் உதவிய பிடிவாதம் அலுவலகத்தில் உதவவில்லை. 1948இல் இராதாகிருட்டிணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக்குழுவில் ஆ. இலட்சுமணசாமி முதலியார், மேகநாத சாகா ஆகியோருடன் உறுப்பினராகி இந்தியா வந்தார். அக்குழு பரிந்துரைத்த ஊரகப் பல்கலைக்கழகத் திட்டத்தில் அவருடைய பங்கு பெரிது.

முதுமையில் அவர் ஓர் அணையை எதிர்த்து நின்றார். பென்சில்வேனியாவில் இராணுவப் பொறியாளர்கள் கட்டவிருந்த கின்சுவா அணை, 1794ஆம் ஆண்டு உடன்படிக்கையால் செனிகா பழங்குடியினர்க்கு உறுதியளிக்கப்பட்ட நிலத்தை மூழ்கடிக்கும் நிலை இருந்தது. அவர்கள் மார்கனை நாடினர். அந்நிலத்தைத் தொடாமலே வெள்ளத்தைத் திருப்பிவிடும் மாற்றுத் திட்டத்தை அவர் வகுத்தளித்தார். அது ஏற்கப்படவில்லை, 1965இல் அணை முடிந்தது. செனிகா மக்களின் சுமார் 10,000 ஏக்கர் நிலம் அவர்கள் கையை விட்டுப் போயிற்று. இராணுவப் பொறியாளர்களின் அணைத் திட்டங்களைக் கடுமையாக ஆராயும் நூலொன்றைத் தொண்ணூறு வயதைக் கடந்த பின் மார்கன் வெளியிட்டார். 1975 நவம்பரில், 97ஆம் அகவையில், ஒகையோவிலேயே மறைந்தார்.