தஸ்தயேவ்ஸ்கியும் தவணை நாளும்

கட்டுரை கொடுக்கவேண்டிய நாளுக்கு முன்னிரவில் மட்டுமே விளக்கேற்றும் வழக்கம் நம்மிற் பலர்க்கு உண்டு. அவ்வழக்கம் மேதாவிகளையும் விட்டதில்லை. உருஷிய நாவலாசிரியர் பியோதர் தஸ்தயேவ்ஸ்கி 1866-ஆம் ஆண்டில் உற்ற இடுக்கண்ணையும், அதனின்று மீண்ட வகையையும் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

1821-இல் மாஸ்கோவிற் பிறந்த இவர், இளமையிலேயே எழுத்தாளராய்ப் பெயர் பெற்றவர். 1849-இல் அரசாங்கத்துக்கு மாறான கூட்டத்திற் சேர்ந்தாரென்று சிறைப்பட்டு, கொலைக்களம் வரை சென்று மீண்டு, ஸைபீரியாவில் நான்காண்டு கடுங்காவலிற் கிடந்தார். காக்கைவலிப்பு நோயும் இவரை வருத்திற்று. 1864-இல் மனைவியும் தமையனாரும் அடுத்தடுத்து இறக்கவே, தமையனார் விட்டுச்சென்ற கடன்கள் இவர் தலையில் விழுந்தன.

கடன்காரர் நெருக்க, 1865-இல் ஸ்டெல்லோவ்ஸ்கி என்னும் பதிப்பாளரிடம் 3,000 ரூபிளுக்கு ஓர் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டார். 1866 நவம்பர் 1-ஆம் தேதிக்குள் புதிய நாவலொன்று தரவேண்டும். தவறின், ஒன்பது ஆண்டுகள் இவர் எழுத்துக்களைப் பணமின்றி வெளியிடும் உரிமை பதிப்பாளருக்கு உண்டாகும்.

தவணையோ ஓராண்டுக்கு மேற்பட்டது. கோடையில் காலைக்கு ஒரு நாவல், மாலைக்கு ஒரு நாவலென இவர் திட்டமிட்டார். திட்டம் அழகியதே. 'குற்றமும் தண்டனையும்' பத்திரிகையிற் பகுதி பகுதியாய் வெளிவந்தது. மற்றதில் ஒரு வரியும் பிறக்கவில்லை. இவரைச் சோம்பரென்று சொல்ல நமக்கு நாவெழவில்லை. செய்துகொண்டிருந்த வேலை, செய்ய அஞ்சிய வேலைக்கு மறைவிடமாயிற்று. கணக்குக்கு அஞ்சிச் சரித்திரம் படித்த இரவுகளை நாமும் அறிவோம்.

செப்டம்பரும் கழிந்தது. நண்பர் மிலியுக்கோவ், நண்பர் பலர் கூடி ஆளுக்கொரு பகுதியாய் எழுதித் தரலாமென்றார். பிறர் எழுத்தின்கீழ்த் தம் பெயரை இட இவர் இசையவில்லை. அவ்வழி அடைபட்ட பின்னரே, சுருக்கெழுத்தாளர் ஒருவரை அமர்த்தும் யோசனை எழுந்தது. வாயாற் சொல்லி நாவல் எழுதுவிப்பது இவருக்குப் புதிது, ஆயினும் உடன்பட்டார். ஓல்கின் என்னும் சுருக்கெழுத்தாசிரியர் தம் மாணவி அன்னா கிரிகோரியெவ்னாவை அனுப்பினார். அவருக்கு வயது 20. ஊதியம் 50 ரூபிள்.

அக்டோபர் 4-ஆம் தேதி (உருஷியப் பழைய பஞ்சாங்கப்படி) அன்னா வந்தார். முதல் நாள் இனிதாக இல்லை. சோதனைக்காக இவர் மிக விரைந்து சொன்னார். பெயர்த்தெழுதியதில் ஒரு புள்ளி விடுபட்டதற்குச் சிடுசிடுத்தார். பின்னர் ஓர் ஒழுங்கு அமைந்தது. இரவில் இவர் எழுதி வைப்பார். பகல் 12 மணிக்கு அன்னா வருவார். அரைமணி சொல்வதும், சற்றே உரையாடி இளைப்பாறுவதும், மீண்டும் சொல்வதுமாக 4 மணி ஆகும். அன்னா தம் வீட்டில் அவற்றைத் தெளிவாய்ப் பெயர்த்தெழுதி மறுநாள் கொணர்வார். எத்தனை பக்கம் ஆயிற்றென்று இவர் ஓயாது வினவுவார். பக்கம் வளர வளர அச்சம் தேய்ந்தது. சுருக்கெழுத்தின் விரைவினும், தவறாது 12 மணிக்குக் கதவைத் தட்டிய கையே பெரிதும் உதவிற்றென்பது நம் துணிபு. வந்து காத்திருப்பவரிடம் நாளை பார்ப்போமென்று சொல்லுதல் எளிதன்று. கதைப்பொருளும் தொலைவிற் கிடைத்ததன்று. தம்மையே வறியராக்கிய சூதாட்ட வெறியையே இவர் எடுத்துக்கொண்டார். நூலின் பெயர் 'சூதாடி'.

அக்டோபர் 29-ஆம் தேதி, 26-ஆம் நாளில், சொல்லி முடித்தார். நவம்பர் 1-ஆம் தேதி கையெழுத்துப் பிரதியுடன் சென்றால், பதிப்பாளர் ஊரில் இல்லை! அவர் அலுவலகத்தாரும் பெற்றுக்கொள்ள மறுத்தனர். இத்தகைய சூழ்ச்சியை எதிர்பார்த்து, அன்னாவின் தாயார் முன்னரே ஒரு வழக்கறிஞரைக் கேட்டு வைத்திருந்தார். அவர் கூறியபடி, இவர் அன்றிரவு ஏறக்குறைய 10 மணிக்குப் போலீஸ் அதிகாரியிடம் பிரதியை ஒப்படைத்து, தேதியிட்ட ரசீது பெற்றார்.

'குற்றமும் தண்டனையும்' நூலின் எஞ்சிய பகுதியையும் அன்னாவே சுருக்கெழுத்தில் எழுதினார். 1867 பிப்ரவரி 15-ஆம் தேதி இருவருக்கும் திருமணம் நிகழ்ந்தது. 1880-இல் முடிந்த 'கரமஸோவ் சகோதரர்' வரையில், இரவில் எழுதி வைத்துப் பகலில் அன்னாவிடம் சொல்லும் அம்முறையை இவர் விடவில்லை.