ஒளியை ஆண்ட தாதாசாகேப் பால்கே

மராட்டிய மண்ணில் குடியேறி வாழும் தமிழ் மக்கள், அம்மண் ஈன்ற பெருமக்களின் வரலாற்றை அறிந்து போற்றுதல் கடமையாகும். அவருள் ஒருவர், இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப்படும் துண்டிராஜ் கோவிந்த் பால்கே.

நாசிக்கை அடுத்த திரியம்பகத்தில் 1870ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் பிறந்தார். பம்பாய் ஜே. ஜே. கலைப் பள்ளியிலும் பரோடா கலாபவனிலும் ஓவியமும் நிழற்படக் கலையும் பயின்றார். கோத்ராவில் நிழற்பட நிலையம் நடத்திய காலை, கொள்ளைநோய் மனைவியையும் மகவையும் கவர்ந்து சென்றது. பின்னர்த் தொல்பொருள் துறையிலும் அச்சுத் தொழிலிலும் உழைத்தார்.

நாற்பது வயதை எட்டிய காலத்தில், ஏசுநாதர் வரலாற்றைப் பம்பாய்ப் படக்கொட்டகை ஒன்றில் கண்டார். நம் புராணங்களும் இவ்வாறு திரையில் உலவ வேண்டும் என்னும் வேட்கை மூண்டது. உறக்கமின்றி முயன்றதால் பார்வை சில காலம் மறைந்தது, மருத்துவத்தால் மீண்டது. 1912இல் லண்டன் சென்று படமெடுக்கும் கருவியுடன் திரும்பினார்.

பொருள் தருவார் எவருமிலர். அப்பொழுது ஒரு பட்டாணி விதை அவருக்குத் துணை நின்றது. தொட்டியில் அதனை ஊன்றி, கருவியை எதிரே அசையாது நிறுத்தி, இடைவெளிவிட்டு ஒவ்வொரு படமாக ஒளிபடச் செய்தார். பல நாள் வளர்ச்சி திரையில் சில நொடிகளில் நிகழ்ந்தது. கண்டவர் வியந்தனர், கடன் கிடைத்தது. எஞ்சிய செலவிற்கு, அவர் மறுமணம் புரிந்த சரஸ்வதிபாய் தம் நகைகளை ஈந்தார். படச்சுருளில் துளையிடுதல், கழுவுதல் முதலிய பணிகளையும் அவ்வம்மையார் கற்றுச் செய்தார். படக்குழுவினர்க்குச் சமைத்தும் இட்டார்.

1913 மே 3ஆம் நாள் ‘ராஜா ஹரிச்சந்திரா’ கொரனேஷன் அரங்கில் வெளியாயிற்று. கருவியை இடையில் நிறுத்தி மீண்டும் இயக்கியும், ஒரே சுருளில் இருமுறை ஒளி பாய்ச்சியும், உருவங்கள் தோன்றி மறையும் விந்தைகளைத் தம் படங்களில் அமைத்தார். 1917இல் வந்த ‘லங்கா தகன’த்தில் சாளுங்கே என்னும் ஒரே நடிகர் இராமனாகவும் சீதையாகவும் தோன்றினார்.

பேசும் படம் வந்தபின் அவர் புகழ் மங்கியது. 1944 பிப்ரவரி 16ஆம் நாள் நாசிக்கில் மறைந்தார். அவர் பெயரால் 1969 முதல் விருது வழங்கப்படுகிறது. நம் சிவாஜி கணேசனும் அதனைப் பெற்றார். பால்கேயை நினைக்கும்பொழுது, இருட்டறையில் துணைநின்ற அம்மையாரையும் நினைப்போமாக.